கொல்லைக் கதவு வரைக்கும் வந்த எதார்த்தம்: 'சகுணா' நாவலை முன்வைத்து

கல்லூரியில் நமக்கு நாவல் வரலாறு சொல்லித் தந்தவர்கள் கையில் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) முதல் நாவல், ஆனால் எதார்த்தம் போதாது. ராஜம் அய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வர ஆரம்பித்ததும் எதார்த்தம் வந்து சேர்ந்தது. அப்புறம் மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. பிள்ளை, அய்யர், அய்யர். எம்.ஏ. தமிழ்ப் பரீட்சைக்கு இதைத்தான் நானும் மனப்பாடம் செய்து எழுதினேன். எதார்த்தவாதம் என்றால் என்ன என்பதற்கு நோட்ஸில் நாலு வரி இருந்தது. அது யாருடைய எதார்த்தம் என்று இரண்டு வருஷமும் வகுப்பில் ஒரு வார்த்தை எழவில்லை.

இந்த வரிசைக்கு வெளியே ஒரு நாவல் கிடக்கிறது. 'கமலாம்பாள்' வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னாலேயே, 1887-88இல், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. பெயர் 'சகுணா'. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். 1862இல் அகமத்நகரில், கிறிஸ்தவத்துக்கு மாறிய மராத்திப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். 1878இல் மருத்துவம் படிக்கச் சென்னை வந்தார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு வருஷப் படிப்போடு உடம்பு முடியாமல் போனது. எந்தப் பாதிரியார் வீட்டில் தங்கிப் படித்தாரோ அந்த வீட்டுப் பிள்ளை சாமுவேல் சத்தியநாதனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1894இல் 32 வயதில் இறந்துபோனார். 'சகுணா' புத்தகமாக வந்தது அதற்கு மறுவருஷம். துணைத்தலைப்பைத் தமிழில் சொன்னால், சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கையின் கதை. விக்டோரியா ராணி இதைப் படித்துவிட்டு இவர் எழுதிய வேறு புத்தகம் உண்டா என்று கேட்டதாக ஒரு செய்தி நாவலோடு கூடவே சுற்றிக்கொண்டிருக்கிறது. ராணி கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. 1998இல் ஆக்ஸ்ஃபோர்ட் மறுபதிப்பு போட்டபோது, இந்தியப் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என்று தலைப்பிலேயே சேர்த்தார்கள்.

பார்ப்பனக் குடும்பத்துக் கிறிஸ்தவப் பெண் இங்கிலீஷில் எழுதிய கதைக்கு நம் பத்திரிகையில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கேட்டார்கள். வேலை இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். 'நான்' என்று தொடங்கி எழுதுகிற எழுத்தைத்தான் தலித் இலக்கியம் தன் பெரிய ஆயுதமாக எடுத்துக்கொண்டது. அந்த 'நான்' இந்த மண்ணில் முதன்முதலாக நாவலுக்குள் நுழைந்தபோது என்னவெல்லாம் பார்த்தது, எங்கே நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளாமல் நம்முடைய 'நான்' எப்படி வேறு என்று சொல்ல முடியாது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். உள்ளதை உள்ளபடி ஒரு எளிய இந்தியப் பெண்ணின் அனுபவத்தைச் சித்திரிக்கப் போகிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிக்கொண்டு தொடங்குகிறார் கிருபாபாய். ஆனால் தன்னிலிருந்து தொடங்கவில்லை. அம்மாவிலிருந்து தொடங்குகிறார். ராதா என்கிற சிறுமி, பால்ய விவாகம், மாமியார் வீடு, அடுக்களை, வெளியே சொல்ல முடியாத பயங்கள். கணவன் ஹரிசந்திரன் கிறிஸ்தவனாகப் போகிறான். ராதாவிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவன் பின்னால் போயாக வேண்டும். மதமாற்றத்தை ஒளி வந்த கதையாக எழுதித்தான் அந்தக் காலத்து மிஷன் வெளியீடுகளுக்குப் பழக்கம். இவரோ அந்த ஒளி வீட்டுக்குள் வந்தபோது ஒரு பெண்ணின் நெஞ்சில் என்ன இருட்டு கவிந்தது என்றும் எழுதுகிறார். தன் கதை சொல்ல உட்கார்ந்தவள் தன் அம்மாவின் கதையை முதலில் இறக்கி வைக்கிறாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இந்த எழுத்தின்மேல் மரியாதை வந்தது. சுயசரிதை என்றால் பிறந்தேன், படித்தேன், உத்தியோகம் பார்த்தேன் என்று ஆம்பளைகள் எழுதுகிற தினுசு இதில் கிடையாது.

இன்னொன்று, வெள்ளைக்காரச் சீமாட்டிகளை அவர் பார்க்கும் பார்வை. மிஷனரிப் பெண்கள் சுதேசக் கிறிஸ்தவர்களைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி மட்டம் தட்டுவதை அந்தச் சிறு பெண் உடனே கண்டுபிடித்துவிடுகிறாள். கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை 1880களில், மிஷன் கல்லூரிப் பத்திரிகையிலேயே, அவர்கள் பாஷையிலேயே எழுதி அச்சில் கொண்டுவந்தது லேசான காரியமில்லை. துரைசானிகளின் பாவனையை அப்படியே பார்த்து நடக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. அப்பா செத்து, படிப்புச் சொல்லிக்கொடுத்த அண்ணன் பாஸ்கரும் செத்து, புத்தகத்தோடு தனியாக நிற்கிற பெண்ணின் வைராக்கியம் நாவல் முழுக்க ஓடுகிறது.

சரி. இந்த எதார்த்தம் எப்படி வேலை செய்கிறது? இங்கிலாந்தில் அதற்கு முன்னால் வந்த தன்வரலாற்று நாவல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' 1847இல் வந்தது. அதற்கும் 'ஒரு தன்வரலாறு' என்றுதான் துணைத்தலைப்பு. அநாதைப் பெண், பள்ளிக்கூடத்துப் பட்டினி, பணக்கார வீட்டில் டீச்சர் வேலை. ஒவ்வொரு அவமானமும் அவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த வீட்டு எஜமானன் ரோசெஸ்டர் கல்யாணத்தில் வாங்கிய முப்பதாயிரம் பவுன் ஜமைக்காவிலிருந்து வந்தது. ஜமைக்காவில் பணம் எப்படி விளைந்தது? அடிமைகள் வெட்டிய கரும்பில். நாவல் அந்தப் பணத்தைக் கணக்கெழுதுகிறது, கரும்பு வெட்டியவனை எழுதவில்லை. அங்கிருந்து வந்த மனைவியோ மாடியறையில் பைத்தியமாகப் பூட்டிக் கிடக்கிறாள். ஜேனைக் கல்யாணம் செய்ய நினைத்த பாதிரி ஒருவன் கடைசியில் இந்தியாவுக்குக் கப்பலேறுகிறான். அவன் வகையறா வந்து இறங்கிய ஊர்களில் ஒன்றில் பிறந்தவள்தான் சகுணா என்று எடுத்துக்கொண்டால், இரண்டு நாவலும் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

'ஜேன் அயர்' வருவதற்கு நாலு வருஷம் முன்னால், 1843இல், கம்பெனி அரசு ஐந்தாம் சட்டம் போட்டது. அடிமைத்தனத்தை இனிக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளாது என்றது. தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குப் பேர் மட்டும் மாறிப் பண்ணையாள் ஆனது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வர 1952 ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் சவுக்கடி, சாணிப்பால் என்று செங்கொடிச் சங்கம் எதை எதிர்த்துக் கூட்டம் போட்டதோ அதெல்லாம் எங்கள் அப்பாயி பட்ட பாடு. அது கதையாகவே சொல்லாது. "அடிச்சாவ, அழுதோம், நடவுக்குப் போனோம்" என்று மூணு வார்த்தையில் முடித்துவிடும். பத்து வருஷத்தை மூணு வார்த்தையில் அடக்குகிற இந்தப் பேச்சையும், ஒரு நாளின் மனவோட்டத்தைப் பத்துப் பக்கம் எழுதுகிற எதார்த்தவாத நாவலையும் சேர்த்துவைத்துத்தான் நான் 'சகுணா'வைப் படித்தேன்.

நாவலில் வருகிற வீடு தக்காணத்தில் இருக்கிறது. நான் உட்கார்ந்து படிப்பது டெல்டாவில். எனக்குத் தெரிந்த பார்ப்பன வீடு அக்ரஹாரத்து வீடு. அதுவும் எந்தப் பக்கமிருந்து தெரியும்? தெருவிலிருந்து போகிறவர்களுக்குத் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொட்டில், கொல்லை என்று வரிசை. நம்மவர்களுக்கு வரிசை கொல்லையில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். வாய்க்கால் ஓரமாக வந்து கொல்லைக் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். கூலி நெல் அங்கேதான் அளப்பார்கள், கருக்காய் பாதியும் நெல் பாதியுமாக. அப்பாயி வேலை பார்த்த மிராசு வீட்டில் வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால். அந்த வீட்டுக்குள் எத்தனை கட்டு இருந்தது என்று அதுக்குச் சாகும்வரை தெரியாது. முப்பது வருஷம் அந்த வீட்டு நிலத்தில் வேலை பார்த்தது.

களை பறித்துவிட்டு வந்த பெண்களிடம் ராதாவின் கதையை ஒரு சாயங்காலம் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டார்கள். மாமியார் கொடுமை எல்லோருக்கும் புரிந்தது, ஒரு அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்புறம் அந்த அக்காவே கேட்டது: "அது சரிடி, அந்தூட்டுக்கு நெல்லு எங்கேருந்து வந்துச்சு? கொட்டா யாரு கூட்டுனா?" தக்காணத்தில் நெல்லா சோளமா என்று நான் பூகோளம் பேச ஆரம்பித்தேன். "எதுவா இருந்தா என்ன, அறுத்தவ ஒருத்தி இருப்பால்ல" என்றது.

இந்தக் கேள்வியைவிடச் சிறந்த விமர்சனக் கருவி எனக்குத் தெரிந்த எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் இல்லை. கிருபாபாயின் எதார்த்தம் பொய் சொல்லவில்லை. திண்ணையிலிருந்து அடுக்களை வரைக்கும், அடுக்களைக்குள் ஒரு பெண்ணின் மனசு வரைக்கும் அது நேர்மையாகப் போகிறது. கொல்லைக் கதவுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. ராதாவுக்கென்று ஒதுக்கிய அத்தியாயங்களைப் போல அந்தக் கதவுக்கு வெளியே நின்ற எந்தப் பெண்ணுக்கும் ஒதுக்கவில்லை. ஆனாலும் 'எளிய இந்தியப் பெண்' என்று பொதுப்பெயர் வைத்துக்கொள்ள அதற்குக் கூச்சம் இல்லை.

'சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கை' என்பதும் இதே மாதிரிப் பொதுப்பெயர்தான். இதில்தான் எனக்கு நிஜமான சண்டை. அகமத்நகரில் வேலை செய்த அமெரிக்க மராத்தி மிஷனில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மஹார், மாங்கு சாதி மக்கள். பார்ப்பனர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். அந்தச் சில குடும்பங்களில் ஒன்றின் கதைக்குத்தான் சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கை என்று பெயர்.

நம் டெல்டாவை எடுத்துக்கொள்வோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706. இந்தக் கடற்கரையிலும் தஞ்சாவூர்ச் சீமையிலும் புராட்டஸ்டண்டு சபை வளர்ந்த கதையில் ராசநாயக்கன் என்று ஒருவர் வருகிறார். பறையர். தஞ்சை ராஜாவின் படையில் இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, தமிழில் அச்சான வேதப் புத்தகத்தைத் தானே படித்துத் தரங்கம்பாடிச் சபைக்கு வந்தவர். வெள்ளைக்காரர்கள் லேசில் நுழைய முடியாத தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் சபையைக் கட்டி வளர்த்ததில் பெரும்பங்கு அவருடையது. 1733இல் ஆரோன் என்கிற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்த பட்டம் யாருக்கு என்று வந்தபோது ராசநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. பறையன் கையால் வேளாளர் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று காரணம் சொல்லி, 1741இல் தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். 1771இல் ராசநாயக்கன் உபதேசியாராகவே செத்தார்.

1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போய் எதிர்த்தார்கள். கீர்த்தனைகளுக்காக நாம் கொண்டாடுகிற வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்தைக் காப்பாற்ற வாதாடி எழுதினார். ஒரே கோயிலில் தனித்தனிப் பக்கம் உட்கார்வதும் நற்கருணையில் முந்திப் பிந்திப் போவதும் அவர்களுக்கு வேதத்தைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. டெல்டாவின் சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கை என்றால் இதுதான். மாயூரத்தில் உட்கார்ந்து நாவல் எழுதிய முனிசீப்பும் கிறிஸ்தவர்தான். தன் கோயிலுக்குள் பார்த்ததை நாவலாக்க அவருக்குத் தோன்றவில்லை.

எழுத ஆள் இல்லாமலா போனார்கள்? புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிபா பூலேயும் நடத்திய பள்ளிக்கூடத்தில் முக்தா சால்வே என்று ஒரு மாங்கு சாதிச் சிறுமி படித்தாள். 14 வயது என்று சொல்கிறார்கள். 1855இல் மாங்கு, மஹார் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அதை வெளியிட்டது 'ஞானோதயா'. எந்தப் பத்திரிகை அது? கிருபாபாயின் குடும்பம் எந்த மிஷனில் சேர்ந்ததோ அதே மிஷன் நடத்திய பத்திரிகை. கிருபாபாய் பிறக்க ஏழு வருஷம் இருந்தது. பேறுகாலத்தில் கூரைகூட இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற தன் சாதிப் பெண்களைப் பற்றி அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். கொல்லைக் கதவுக்கு வெளியே இருந்தவர்களுக்குப் பேச்சு வராது, அதனால் அவர்களைப் பற்றி நாங்கள் எழுத முடியவில்லை என்கிற சமாதானம் இங்கே அடிபட்டுப் போகிறது. பேச்சு வந்திருந்தது. கிருபாபாய்க்கு நாவல் கிடைத்தது, முக்தாவுக்கு ஒரே ஒரு கட்டுரை. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று வரலாறு கவலைப்படவில்லை.

தஞ்சாவூர் எழுத்து என்று ஒன்றைத் தமிழ் விமர்சகர்கள் வாய் வலிக்கப் பேசுவார்கள். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் கும்பகோணத்துத் தெரு, சங்கீதம், ஆற்றங்கரை, மனசின் நுட்பம் எல்லாம் அப்படியே கண்முன்னால் நிற்கும், மறுக்கவில்லை. அந்த வீடுகளுக்கு எங்கிருந்து நெல் வருகிறது என்கிற அக்காவின் கேள்வியை அங்கேயும் கேட்டுப் பாருங்கள். கொல்லையைத் தாண்டிப் போய் எழுதியதாகப் பேர் வாங்கியது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியதை அடிப்படையாகக் கொண்டது. 1977இல் சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியது. அதிலே டெல்லியிலிருந்து வந்த கோபால் பார்க்கிறான், யோசிக்கிறான், புரிந்துகொள்கிறான். நிலச்சுவான்தாரின் ஆண்மைக் குறையில் காரணம் தேடப்படுகிறது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிக்காரர்களின் சங்கம் பின்னால் போய்விடுகிறது. எரிந்தவர்கள் எரிகிறார்கள். பார்க்கிற கண் அவர்களுடையது இல்லை. கிருபாபாயைவிட இது ஒரு அடி முன்னாலா பின்னாலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் தனக்குத் தெரிந்த அடுக்களையை எழுதினார். தெரியாத குடிசைக்குள் போய்த் தெரிந்த மாதிரி உட்காரவில்லை.

'சகுணா' புத்தகமானதற்கு 97 வருஷம் கழித்து, 1992இல், பாமாவின் 'கருக்கு' வந்தது. அதுவும் சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கையின் கதைதான், கொல்லைக்கு வெளியே இருந்து. கிருபாபாய் அம்மாவிலிருந்து தொடங்கினார் என்றால் பாமா ஊரிலிருந்து தொடங்குகிறார். 'நான்' வருவதற்கு முன்னால் தெருக்கள் வந்துவிடுகின்றன, யார் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்பது வந்துவிடுகிறது. சகுணாவின் 'நான்' கூட்டத்திலிருந்து பிரிந்து, புத்தகத்தோடு தனியறைக்குள் போய் முழுமையாகிறது. 'கருக்கு'வில் மடத்துக்குள் போய்த் தனியாளான 'நான்' அங்கே மூச்சு முட்டி வெளியே வருகிறது. மொழியும் அப்படித்தான். ராணி படிக்கக்கூடிய ஆங்கிலம் ஒரு பக்கம், எங்கள் தெருப் பேச்சு மறுபக்கம். பெயர் மாற்றி நாவல் என்கிற போர்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டிய நிலைமை கிருபாபாய்க்கு இருந்தது. பாமா போர்வையில்லாமல் எழுதியதற்கு விலை கொடுத்தார், பல மாதம் சொந்த ஊருக்குள் போக முடியாமல். எழுதப்பட்டவர்களே கோபப்பட்டார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கோபம் என்னை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) பற்றிய பழைய சண்டைக்குக் கொண்டுபோகிறது. ஆரோக்கியம், நமக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணாரப் பெண். அவளும் கிறிஸ்தவச்சி. பேறுகாலத்துக்கும் சாவுக்கும் நமக்கு வேலை செய்துவிட்டு, கூலி நெல்லுக்கு நம் களத்துமேட்டில் நிற்கிறாள். நாவல் வந்தபோது தலித் விமர்சகர்கள் சிலர் இது நம்மை ஆதிக்கக்காரர்களாகக் காட்டுகிறது, எதிரிக்கு உதவுகிற எதார்த்தம் என்றார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இன்றைக்கும் அப்படிச் சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். 'சகுணா'வைப் படித்துவிட்டு இவர்களோடு மறுபடியும் பேசினேன். கிருபாபாயிடம் நீங்கள் கேட்கிற கேள்வி சரி, கதவுக்கு வெளியே நின்றவள் எங்கே என்று கேட்கிறீர்கள், ஆரோக்கியம் வந்து நிற்கும்போது மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறீர்கள் என்றேன். "அய்யரூட்டுக் கொல்லையும் நம்மூட்டு வாசலும் ஒண்ணா?" என்று ஒரு தோழர் எழுந்துவிட்டார். ஒன்றில்லைதான். நிலம் அவர்களிடம் இருந்தது, நம்மிடம் இல்லை. இருந்தாலும் பொழுது சாய்ந்து தெருத்தெருவாகச் சோறு எடுக்க வருகிற ஆரோக்கியம் குரல் கொடுப்பது அக்ரஹாரத்தில் இல்லை, நம் வீட்டு வாசலில். கூட்டம் அன்றைக்குப் பாதியில் கலைந்தது. அடுத்த மாதம் இரண்டு நாவலையும் சேர்த்து வைத்து மறுபடி உட்காருவது என்று முடிவாகியிருக்கிறது. களை பறிக்கிற அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.